இரண்டு முறை சுற்றி வருகிறவர்

அவரிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று நாம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் நின்று, பிடரியைத் தடவிவிட்டு, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று வருவார். அதற்குப் பிறகும் அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் "தெரியலீங்க" என்ற ஒரே சொல்தான்.

ஐம்பது வயது இருக்கும். நான் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு. சட்டைப்பையில் தையல்காரர்கள் துணியில் கோடு போடும் தட்டைச் சாக்குக்கட்டி ஒன்று எப்போதும் இருக்கும். கிரீஸ் படிந்த விரல் நுனிகளில் அதன் நீலத் தூள் ஒட்டியிருக்கும். இரும்பு வேலை செய்கிறவருக்கு இது எதற்கு என்று முதல் நாள் யோசித்தேன். பிறகு தெரிந்தது, அவர் எதையும் காகிதத்தில் எழுதுவதில்லை. தரையில் வரைவார். வரைந்ததைச் சுற்றி வருவார்.

அவருடைய பட்டறை அவிநாசிக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் டீக்கடை. டிராக்டர் டிரெய்லர், தண்ணீர் டேங்கர், ஜெனரேட்டர் வண்டி என்று இழுக்கப்படுகிற எதையும் இழுக்கிற எதனோடும் பூட்டிக் கொடுப்பது அவர் தொழில். ஆனால் நாங்கள் போயிருந்த நாட்களில் அங்கே வேலை முடிந்து வெளியே போன வண்டியைவிட, பொறுமையிழந்து திரும்பிப் போன வண்டியைத்தான் அதிகம் பார்த்தேன்.

நாங்கள் அவரிடம் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொல்வது எதுவும் விளங்காது.

என் கணவர் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டில் மெக்கானிக்காக இருந்தார். நான் திருமணத்துக்கு முன்பும், பாப்பா பிறக்கும் வரையிலும் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். பாப்பாவுக்கு இரண்டு வயதானபோது நாங்களே ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தோம். அவிநாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் தைக்கத் தெரிந்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். கைக்குழந்தை, படுக்கையில் மாமியார், மாடு என்று ஏதோ ஒரு காரணத்தால் கம்பெனி பஸ் ஏற முடியாதவர்கள். அவர்கள் மிஷினைத் தேடி வர முடியாவிட்டால் மிஷின் அவர்களைத் தேடிப் போகட்டும் என்றார் என் கணவர். எட்டுத் தையல் மிஷின்கள் வைத்த ஒரு டிரெய்லர். காலையில் இழுத்துக்கொண்டு போய் ஓர் ஊரில் நிறுத்துவது, மாலையில் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது. அவர் சொல்லும்போது எளிதாக இருந்தது. அவர் சொல்லும்போது எல்லாமே எளிதாகத்தான் இருக்கும்.

டிரெய்லரை வேறோர் ஊரில் கூண்டு கட்டி வாங்கியாயிற்று. இழுப்பதற்கு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினோம். அது இரட்டை கேபின் வண்டி. ஓட்டுநருக்குப் பின்னாலும் ஒரு வரிசை இருக்கை உண்டு. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவளும் தினமும் எங்களோடு வர வேண்டும், பின் இருக்கையில் நானும் அவளும் உட்காரலாம் என்று அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான். இருக்கைக்கு இடம் கொடுத்ததால் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி குட்டையாகிவிட்டது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு யோசிக்காத நாளில்லை.

வண்டியின் வாலில் கொக்கி வைத்து இழுத்தால் டிரெய்லர் ஆடும், மிஷின் தலைகள் ஆடி ஆடி செட்டிங் போய்விடும் என்று, கூண்டு கட்டியவரே டிரெய்லரின் முன்பகுதியை மூக்குப் போல உயர்த்தி, அதன் அடியில் தடித்த இரும்பு முளை ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தார். பெரிய கண்டெய்னர் லாரிகளில் இருப்பதைப் போல, பிக்கப்பின் தொட்டிக்குள் பின் அச்சுக்கு மேலே ஒரு தட்டைப் பொருத்தினால் அந்த முளை அதில் உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தட்டை ஃபிஃப்த் வீல் என்பார்கள். என் கணவர் இரண்டு இடங்களில் விசாரித்துவிட்டார். இரண்டு இடத்திலும் அரை நாள் வேலை என்றார்கள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒரு இடத்தில் கேட்டுவிடலாம் என்றேன். என் கணவர் சாவியை ஆணியிலிருந்து வெடுக்கென்று எடுத்தார்.

அப்படித்தான் இவரிடம் வந்தோம்.

இரண்டு சுற்றுகள் முடிந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "நேராப் போறது கெடக்கட்டுமுங்க. திரும்பறப்ப என்னாகும்?"

என் கணவர் நான் எழுதி வைத்திருந்த அளவுச் சீட்டை நீட்டினார். வீட்டில் இஞ்ச் டேப்பை வைத்து, இரண்டு தடவை சரிபார்த்து, நானே எழுதியது. கேபின் சுவரிலிருந்து பின் அச்சு வரை முப்பத்திரண்டு இஞ்ச். டிரெய்லர் முகப்பு நாற்பத்திரண்டு. என் கணவர் விளக்கினார். திரும்பும்போது டிரெய்லர் அந்த முளையை மையமாக வைத்துத்தான் சுழலும், அகலத்தில் பாதிதான் கேபின் பக்கம் வரும், நாற்பத்திரண்டில் பாதி இருபத்தொன்று, மூலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் தாராளமாக இடம் இருக்கிறது, ஆகவே நகராத சாதாரணத் தட்டே போதும். முன்பு கேட்ட இரண்டு இடத்திலும் இதைத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அவர் சீட்டைக் கையில் வாங்கவே இல்லை. "நம்பரு நின்ன எடத்துல நிக்குமுங்க தம்பி. வண்டி திரும்புமல்லங்க" என்றார்.

அடுத்த நாள் நெருப்பெரிச்சலில் நின்றிருந்த டிரெய்லரைப் பார்க்க அவரே வந்தார். டேப் எடுத்து வரவில்லை. ஒரு மூங்கில் குச்சியை முகப்பில் வைத்து முனையை வெட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த நாள் நாங்கள் பட்டறைக்குப் போனபோது, ஏற்றுமதிப் பெட்டிகளின் அட்டைகளைப் பிரித்து ஒட்டி, டிரெய்லரின் முகப்பை அப்படியே தரையில் செய்து வைத்திருந்தார். அதன் அடியில் சாக்குக்கட்டியால் எங்கள் பிக்கப்பை அதன் நிஜ அளவில் வரைந்திருந்தார். தொட்டி, கேபின், பின் இருக்கை எல்லாம் இருந்தன. அச்சு இருக்கும் இடத்தில் ஒரு போல்ட்டை நட்டு, அட்டையில் ஓட்டை போட்டு அதில் மாட்டியிருந்தார்.

பாப்பா என் கையிலிருந்து நழுவி ஓடிப்போய், அந்தக் கோடுகளுக்குள், சரியாகப் பின் இருக்கை இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வீடு வரைந்திருக்கிறது என்று நினைத்திருப்பாள். எடுக்கப் போன என்னை அவர் கையால் நிறுத்தினார்.

"இருக்கட்டுமுங்க. அந்தப் பக்கம் புடிங்க அம்மிணி. மெதுவா வாங்க."

அட்டையின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துக்கொண்டு நடந்தோம். டிரெய்லர் திரும்புவது போல அட்டை திரும்பியது. கேபின் கோட்டைத் தொட்டது. கோட்டைத் தாண்டியது. அட்டையின் மூலை பாப்பாவின் முழங்காலைத் தொட்டு, அவள் மடியின் மேல் ஏறி நின்றது. அவள் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்து இழுத்தாள்.

என் கணவர்தான் முதலில் சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"அம்மிணி, நாப்பத்திரண்டுன்னு எழுதியிருக்கியே, அது முழு அகலமா?"

பனியன் கம்பெனியில் ஒரு சட்டையின் மார்பளவு என்றால் அதைத் தட்டையாக விரித்துவைத்து அக்குளிலிருந்து அக்குள் வரை எடுப்போம். அது பாதி அளவு. அளவுத்தாளில் எல்லாமே பாதிதான். முழுதாக எழுதினால் சூப்பர்வைசர் திட்டுவார். ஆறு வருடம் அப்படியே எழுதிய கை, டிரெய்லரின் நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை டேப்பைப் பிடித்து, பாதியை எழுதிவிட்டது. என் கணவருக்கோ நிட்டிங் மிஷின் பழக்கம். அங்கே எல்லாம் வட்டம். விட்டத்தைச் சொன்னால் பாதியாக்கித்தான் கணக்குப் போடுவார். நான் பாதியாக்கியதை அவர் மறுபடி பாதியாக்கினார். இருவரும் அவரவர் தொழிலில் தவறே செய்யவில்லை.

நான் இரண்டு தடவை சரிபார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? சரிபார்த்தேன். இரண்டு தடவையும் பாதியைத்தான் சரிபார்த்தேன்.

அட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பாப்பாவின் மடியிலிருந்து அட்டையை விடுவித்துவிட்டு, "இன்னொருக்கா திருப்பிப் பாத்தரலாமுங்க. இந்தப் பக்கமா" என்றார். திருப்பினோம். அந்தப் பக்கமும் அப்படித்தான் வந்தது.

இதை வைத்து அவரைப் பெரிய மனிதராக எழுதிவிடலாம். ஆனால் அவரோடு பழகியவர்களுக்கு அவர் எவ்வளவு சோர்வூட்டுகிற ஆள் என்று தெரியும். மூன்று நாளில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்த பெண்கள் என்னைப் போனில் கூப்பிட்டு, வண்டி வருமா வராதா, இல்லையென்றால் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் பார்த்தும்கொண்டார்கள். என் கணவர் தினமும் பட்டறைக்குப் போய், அவர் நேற்று இறுக்கிய போல்ட்டை இன்று கழற்றி மறுபடி இறுக்குவதைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, "உனக்கு ஏத்த ஆளப் புடிச்சிருக்க" என்பார்.

அது கேலிதான். ஆனாலும் உண்மை. எரிவாயு அடுப்பை அணைத்தேனா என்று தெரு முனையிலிருந்து திரும்பி வருகிறவள் நான். பாப்பாவுக்கு மருந்து கொடுக்கும்போது மூடியின் கோட்டை வெளிச்சத்தில் மூன்று தடவை பார்ப்பேன். படித்தவள் இப்படியா என்று ஊரிலிருந்து வரும்போதெல்லாம் என் மாமியார் கேட்பார். எல்லாரும் சலித்துக்கொள்ளும் இந்தக் குணம் உள்ள இன்னொருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் மாலையில் பட்டறையைப் பூட்டுவதே ஒரு காட்சி. பூட்டை மாட்டி இழுத்துப் பார்ப்பார். டீக்கடை வரை நடந்து வருவார். டீ சொல்வார். டீ கிளாஸ் கையில் வந்ததும் அதை வைத்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடி இழுப்பார். லேத் பட்டறைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "அண்ணன் பூட்டப் பாத்துட்டு வரட்டும். அதுக்குள்ள நாம பழனிக்குப் போயி மொட்ட போட்டுட்டு வந்தரலாம்" என்பார். கடைக்கார அம்மா அந்த டீயைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிச் சூடாக்கி வைப்பார். எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "பூட்டிதானுங்க இருந்துச்சு" என்று செய்தி சொல்வது போலச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் கட்டும் இடத்தில் இருந்தபோது அவர் பூட்டிய ஏதோ ஒன்று கழன்றுவிட்டது என்று லேத் பட்டறைக்காரர் சொன்னார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான், அவருடைய அம்மாவும் அப்படித்தான் என்றார் டீக்கடைக்கார அம்மா. நான் அவரிடம் கேட்கவில்லை. என்னிடம் யாராவது நீ ஏன் இப்படி என்று கேட்டால் எனக்கு என்ன கதை இருக்கிறது?

எந்த மாதிரித் தட்டைப் போடுவது என்று முடிவெடுத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகராத தட்டு என்ற பேச்சு அட்டையோடு முடிந்துவிட்டது. அச்சுக்கு வெகு பின்னால் தள்ளி நிரந்தரமாக வைத்துவிட்டால் என்ன என்று என் கணவர் கேட்டார். அப்படி வைத்தால் பாரம் பின்னால் போய் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீரிங் பேச்சைக் கேட்காது என்றார் அவர். திரும்பும்போது தானாகவே பின்னால் நகர்ந்துகொள்ளும் தட்டு ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டார் என் கணவர். போனில் பார்த்து வைத்திருந்தார். என் கணவர் நீட்டிய படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நான் கழட்டிப் பாக்காத சாமானத்த கொழந்த உக்கார்ற வண்டில மாட்ட மாட்டனுங்க" என்றார்.

மிச்சமிருந்தது ஒன்று. தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புப் பட்டைகள் மேல் தட்டு உட்கார்ந்திருக்கும். நேர்ச்சாலையில் அது அச்சுக்கு மேலே பூட்டியிருக்கும். குறுகலான திருப்பம் வரும்போது ஒருவர் இறங்கி லீவரை இழுத்துப் பூட்டை விட வேண்டும். வண்டியை மெதுவாக முன்னால் எடுத்தால் தட்டு ஒன்றரை அடி பின்னால் போய் நிற்கும். திரும்பி முடித்த பிறகு மறுபடி இறங்கி, தட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து பூட்ட வேண்டும்.

எங்கள் வழியில் அப்படி இரண்டு திருப்பங்கள். எங்கள் வீதி முனையில் ஒன்று, நாங்கள் போகும் ஊரின் கோயில் சந்தில் ஒன்று. போக, வர, ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு தடவை இறங்க வேண்டும். நாளைக்கு எட்டுத் தடவை.

"யாருங்க எறங்குவாங்க?" என்று அவர் கேட்டார்.

"நானே எறங்கிக்கறனுங்க" என்றார் என் கணவர்.

அவர் வண்டியைச் சுற்றப் போனார். திரும்பி வந்து என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி நாலு நாளைக்கு எறங்குமுங்க. அஞ்சாம் நாளு, இத்தனூண்டுதானேன்னு திருப்பிரும். தப்பாச் சொல்லுலீங்க, ஓட்டறவங்க எல்லாருமே அப்படித்தான். பயப்படற ஆளு ஒண்ணு வண்டில இருக்கோணும். அம்மிணி எறங்குவீங்களா?"

என் பயத்தை யாரும் அதுவரை ஒரு தகுதியாகச் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் நினைவிருக்கிறது. இறங்குவேன் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தை நாளைக்கு எட்டுத் தடவை, வருடம் முழுக்க, மழையில், வெயிலில், தூங்கும் குழந்தையை இருக்கையில் கிடத்திவிட்டு இறங்குவது என்று அப்போது கணக்குப் போடவில்லை.

வண்டியைக் கொடுக்கும் நாளில் இன்னும் ஒரு வேலை செய்திருந்தார். டிரெய்லர் மூக்கின் இரண்டு மூலைகளையும் கொஞ்சம் வெட்டி வளைத்துவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு இரும்புத் தண்டைப் பற்றவைத்திருந்தார். ஒரு சாண் நீளம். நுனியில் சைக்கிள் கைப்பிடி ரப்பர். பார்க்கக் கன்றுக்குட்டிக்கு முளைத்த கொம்பு மாதிரி இருந்தது. என் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இது எதுக்குங்க? முட்டறதுக்கா?" என்று கேட்டார்.

"கயிறு கியிறு கட்டிக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கப் போய்விட்டார்.

ஐந்து மாதம் வண்டி ஓடியது. எட்டு மிஷினும் நிறைந்தது. நான் இறங்கினேன், இழுத்தேன், ஏறினேன், இறங்கினேன், பூட்டினேன், ஏறினேன். ஆரம்பத்தில் என் கணவர் பொறுமையாக இருந்தார். பிறகு நான் பூட்டை இரண்டாவது தடவை பார்க்கக் குனியும்போது ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். அந்த ஊர்ப் பெண்களுக்கு அதுவே எங்கள் வண்டி வந்துவிட்டதற்கான அடையாளமாகிவிட்டது.

ஆறாவது மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மூன்று நாளாக இரவில் என் மேல்தான் படுத்துக் கிடந்தாள். அன்று தைத்து அனுப்பியே ஆக வேண்டிய பீஸ்கள் இருந்தன. அவளை மடியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோயில் சந்துக்குச் சற்று முன்னால்தான் அவள் கண் மூடினாள். அவள் நெற்றியில் கை வைத்தபடி, சூடு இறங்குகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மெதுவானது தெரிந்தது. திரும்பியது தெரிந்தது. நான் இறங்கவில்லை என்பது மட்டும் தெரியவில்லை. நான் இறங்காததை என் கணவரும் கவனிக்கவில்லை. ஐந்து மாதமாக நான் இறங்காத நாளே இல்லையே.

என் முதுகுக்குப் பின்னால் டமார் என்று தகரம் உள்வாங்கும் சத்தம் கேட்டது. என் கணவர் பிரேக்கை மிதித்தார். பாப்பா விழித்து அழுதாள். நான் திரும்பிப் பார்த்தபோது பின் கண்ணாடி முழுவதையும் டிரெய்லரின் மூலை அடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் நான்கு விரல் இடம். கண்ணாடிக்குக் கீழே, கேபினின் தகரத்தில், அந்தக் கொம்பு ரப்பரோடு புதைந்து நின்றிருந்தது. அது வளைந்துவிட்டது. ஆனால் அது முட்டியபோது எழுந்த சத்தத்தால்தான் வண்டி நின்றது.

என் கணவர் இறங்கி வந்தார். அவர் அந்த ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். "கயிறு கட்டறதுக்குன்னாரு" என்றார்.

அன்று மாலையே பட்டறைக்குப் போனோம். அவர் முதலில் பாப்பாவைத்தான் பார்த்தார். அவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "கொழந்த எந்தப் பக்கம் உக்காந்திருந்துச்சுங்க?" என்று கேட்டார். சொன்னேன். தகரத்தில் விழுந்திருந்த குழிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

எனக்கு ஏனோ அழுகை வந்தது. காப்பாற்றப்பட்டதற்காக அழுதேன் என்றால் அது முழு உண்மையில்லை. ஆறு மாதமாக, என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ அன்றைக்கே, நான் மறக்கப்போகும் நாளுக்கும் சேர்த்து இரும்பைப் பற்றவைத்திருக்கிறார். நன்றி சொல்லத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"என்னைய நம்புலீங்களாண்ணா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வண்டியைச் சுற்றி வந்தார். நின்றார். எதிர்ப்பக்கமாக இன்னொரு முறை சுற்றி வந்தார். "தெரியலீங்க" என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"நம்பித்தானுங்க லீவரு போட்டேன். கொம்பு உங்களுக்கில்லீங்க அம்மிணி."

"பின்ன யாருக்குங்க?"

"எனக்குங்க. நான் ஊட்டுக்குப் போயி நிம்மதியாச் சோறு திங்கோணுமல்லங்க."

சொல்லிவிட்டு வளைந்த தண்டை அறுத்தெடுத்துப் புதிதாக ஒன்றைப் பற்றவைத்தார். ரப்பர் மட்டும் பழையதே. தகரத்தின் குழியையும் எடுத்துவிடச் சொன்னார் என் கணவர். டிங்கரிங் வேலை தனக்கு வராது என்றும், வராத வேலையைத் தொடுவதில்லை என்றும் சொல்லிவிட்டார். நாங்கள் கிளம்பி சாலை வரை வந்துவிட்ட பிறகு கைகாட்டி நிறுத்தி, ஓடிவந்து, பற்றவைத்த இடத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்கடுத்த வருடம் அந்தப் பட்டறை மூடிக் கிடந்தது. மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார் லேத் பட்டறைக்காரர். எந்த ஊர் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. டீக்கடைக்கார அம்மா ஒரு ஊரின் பெயரைச் சொன்னார். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பாப்பாவைப் பள்ளியில் சேர்த்தோம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது, மிஷின்கள் எட்டிலிருந்து பத்தாயின. போகவில்லை. இப்போது அந்தப் பட்டறையில் வேறொருவர் இருக்கிறார். அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிடுகிறாராம்.

நாங்கள் இன்னும் அதே வண்டியில்தான் போகிறோம். நான் இன்னும் எட்டுத் தடவை இறங்குகிறேன். சலிப்பாகத்தான் இருக்கிறது. சில நாள் முழங்கால் வலிக்கிறது. வேறு யாராவது இறங்கினால் என்ன என்று தோன்றுகிறது. வேறு யார் என்று யோசித்தால் யாரும் தோன்றுவதில்லை.

என் கணவர் இப்போது ஹாரன் அடிப்பதில்லை. கோயில் சந்து வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். நான் லீவரை இழுத்து, பூட்டு விட்டதைப் பார்த்து, ஏறி உட்கார்ந்து, மறுபடி இறங்கி வண்டியைச் சுற்றி வருகிறேன். பிறகு எதிர்ப்பக்கமாக.

"சரியா இருக்குதா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்.

"தெரியலீங்க. மெதுவாத் திருப்புங்க" என்பேன்.

அவர் மெதுவாகத் திருப்புவார்.